பத்தாயிரம் ரேண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்

அக்கா மகன் இந்த ஜனவரியில் பதினோராம் வகுப்புக்குப் போகிறான். பள்ளியில் ஐடி பாடம் எடுத்திருக்கிறான். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்ததும் பொறியியல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பின் கீல் உடைந்து, அதைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் திறக்க வேண்டும். அக்கா பத்தாயிரம் ரேண்ட் சேர்த்து வைத்திருந்தாள். "தம்பி, நீதானே கரண்ட் வேலை பார்க்கிறாய், இவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்" என்றாள். கரண்ட் வேலையும் கம்ப்யூட்டரும் ஒன்றா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நம் ஊரில் அவள் சொன்னது அவ்வளவு தவறில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது வருடமாக வீட்டு வயரிங் செய்கிறவன் நான். அதனால் எந்தப் பெட்டியைக் காட்டினாலும் அதன் முன்பக்கத்து வண்ண விளக்குகளைப் பார்ப்பதில்லை; திருப்பி வைத்து, சுவர் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் தகரப் பெட்டி, அதாவது பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பேன். படிப்புக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவதும் அதுதான். இன்று எது வேகம் என்பதை அந்தச் சிறிய தகரப் பெட்டி அதிகம் மாற்றாது. ஆனால் இரண்டு வருடம் கழித்து உங்களால் எதைச் சேர்க்க முடியும், எதைச் சேர்க்க முடியாது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

முதலில் பையனின் தேவை என்ன? படிப்பைப் பொறுத்தவரை பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளி ஐடி பாடத்தின் டெல்ஃபி என்ற கணினி மொழியில் நிரல் எழுத, வேர்டு, எக்செல், இருபது பக்கங்கள் திறந்த பிரௌசர், இவை அனைத்துக்கும் ஆறு கோர் (கணக்குப் போடும் மூளைகள்) உள்ள பழைய இன்டெல் பிராசஸரும் 16 ஜிபி ரேமும் (வேலை நினைவகம்) கோப்புகளை வைக்க ஒரு எஸ்எஸ்டியும் தாராளம். பொறியியலில் சேர்ந்து ஆட்டோகேட், ரெவிட் என்ற வரைபட மென்பொருள்களுக்குப் போகும்போதுதான், திரைக்குப் படம் வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு கொஞ்சம் வேலை செய்யும். அந்த மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பவை. ஆனால் ரெவிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதை இப்போதே மனத்தில் வைக்க வேண்டும். விளையாட்டில் அவனுக்கு ஃபோர்ட்நைட், கவுன்டர் ஸ்ட்ரைக், ஜிடிஏ 5, அப்புறம் கால்பந்து. இவற்றை 1080பி திரையில் திக்காமல் ஓட்டினால் போதும் என்றான். பதினாறு வயதில் 'போதும்' என்கிற சொல்லுக்கு ஆயுள் ஆறு மாதம்தான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அலுவலகத்திலிருந்து வந்த பெட்டிகள்

பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு வருட வாடகை ஒப்பந்தத்தில் எடுத்த டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் ஒப்பந்தம் முடிந்ததும் மொத்தமாக வெளியே வருகின்றன. அவற்றைத் துடைத்து, எஸ்எஸ்டி மாற்றி விற்கும் கடைகள் டர்பனில் நிறைய. குறைந்த பணத்துக்கு உறுதியான சாமான் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அங்கே போகும் முன் ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எட்டு.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, இன்டெல் என்றால், எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இருக்க வேண்டும். இதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் சந்தையில் தண்ணீர் பட்ட பாடாய்க் கிடக்கின்றன. விலையைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். கோர் ஐ5-7500 என்றால் ஏழாம் தலைமுறை, கோர் ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. இப்படி நான்கு இலக்க எண் என்றால், கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெறுமனே 'ஐ5' என்று மட்டும் அட்டையில் எழுதி வைத்திருக்கும் கடையில், எந்த ஐ5 என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். தலைமுறைத் தடையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுக்கும் கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய புதுப்பிப்பு வந்து, பரீட்சைக்கு முதல் நாள் பெட்டி முறைத்துக்கொண்டு நின்றால் அந்தக் கைவேலைக்காரரை எங்கே தேடுவது?

எட்டுக்கும் ஏழுக்கும் இடையே விண்டோஸ் மட்டும் வித்தியாசமில்லை. ஐ5-7500இல் நான்கு கோர், ஐ5-8500இல் ஆறு. ஒரே பெயர், ஒரே மாதிரிப் பெட்டி, ஆனால் தாவல் பெரிது.

அடுத்தது பெட்டியின் உடலளவு. இங்கேதான் நான் ஒரு முறை சூடு கண்டேன். மகளுக்காகச் சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய அளவுப் பெட்டி வாங்கினேன். மேசையில் அடக்கமாக உட்காரும், பார்க்க லட்சணமாக இருக்கும். பிறகு அவள் தம்பி விளையாட ஆசைப்பட்டான் என்று கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தேன். மூடி மூடவில்லை. கார்டு உயரமானது, பெட்டி குள்ளமானது. கடைக்காரர் "நீங்கள் அளவு சொல்லவில்லையே" என்றார். சரிதான், சொல்லவில்லை. அளவு கேட்கத் தோன்றாத மின்பணியாளன் என்று வீட்டில் இன்றுவரை சிரிக்கிறார்கள்.

அந்தச் சிறிய அளவுப் பெட்டிகளில் குள்ளக் கார்டுகள் மட்டுமே நுழையும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையும் குள்ளம்தான்: ஆப்டிப்ளெக்ஸ் 7060இன் சிறிய வடிவத்தில் 200 வாட், நிமிர்ந்து நிற்கும் பெரிய டவர் வடிவத்தில் 260 வாட். இதைக் கழற்றிவிட்டுக் கடையில் விற்கும் 550 வாட் சப்ளையைப் போடலாமே என்றால், இந்த நிறுவனங்கள் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை) வழக்கமான 24 முள் இணைப்பை வைப்பதில்லை. தங்களுக்கென்று தனி வடிவம். மாற்று ஒயர்கள் விற்கிறார்கள், டவர் பெட்டியில் சமாளிக்கலாம். சிறிய பெட்டியில் புதிய சப்ளையை வைக்க இடமே இருக்காது.

ஆகவே அலுவலகப் பெட்டி என்றால் டவர். அதற்குள், பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் எதுவும் கேட்காத கிராஃபிக்ஸ் கார்டு. கார்டைச் செருகும் மதர்போர்டின் நீண்ட துளை கார்டுக்குத் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அந்த வரம்புக்குள் வாழத் தெரிந்த கார்டுகள் சில உண்டு. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அவற்றில் பழையது, 4 ஜிபி நினைவகம். அதிலும் சில தயாரிப்புகள் தனி ஒயர் கேட்கும், அட்டைப்பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடுகிறது; இன்றைக்கு இந்த வகையில் நான் கைகாட்டுவது இதைத்தான். ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது 130 வாட், தனி ஒயர் வேண்டும், அலுவலகப் பெட்டியில் அந்த ஒயர் இருக்காது. 'கூட 2 ஜிபி கிடைக்கிறதே' என்று மாற்றி வாங்கிவிட்டால் என் கதைதான் உங்களுக்கும். ஆர்எக்ஸ் 6400 என்ற கார்டு இன்னும் குறைவாக, 53 வாட்தான் இழுக்கும். ஆனால் அது மதர்போர்டோடு தகவல் பரிமாற நான்கே வழித்தடங்களைப் பயன்படுத்துவது. எட்டாம் தலைமுறைப் பெட்டிகளின் பழைய துளையில் அந்தத் தடங்களின் வேகம் பாதியாகிவிடும். எனவே வேண்டாம்.

இன்னொரு நடுவழியும் இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. அதே காலத்து வொர்க்ஸ்டேஷன் வகை, உதாரணமாக டெல் பிரிசிஷன் 3630. வரைபட அலுவலகங்களிலிருந்து வருபவை. இவற்றில் சில 460 வாட் சப்ளையோடு வந்தவை, கிராஃபிக்ஸ் கார்டுக்கான தனி ஒயரும் உள்ளேயே இருக்கும். கிடைத்தால் விடாதீர்கள். வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி இதுவரை எந்த ஊரில் வாழ்ந்தது என்று கேளுங்கள். நான் இருக்கும் மியர்பேங்கில் துணி காயப்போடும் கம்பியைக்கூட உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. பின்பக்கத்துத் திருகுகளிலும் யூஎஸ்பி துளைகளின் தகரத்திலும் துரு படிந்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான். ஜோஹன்னஸ்பர்க் அலுவலகத்திலிருந்து வந்த பெட்டியில் தூசி இருக்கும், தூசியை ஊதிவிடலாம்.

புதிதாகச் சேர்த்துக் கட்டுவது

பையனின் மனம் இதில்தான் இருந்தது. நண்பர்கள் எல்லாரும் பாகம் பாகமாக வாங்கித் தாங்களே கட்டுகிறார்களாம். ரைசன் 5 5600ஜி என்று ஒரு பிராசஸர்; ஆறு கோர், 65 வாட், கிராஃபிக்ஸ் அதற்குள்ளேயே அடக்கம். இப்போதைக்குக் கார்டு வேண்டாம், 550 வாட் தரமான சப்ளை போட்டு வைத்தால் அடுத்த வருடம் ஆர்எக்ஸ் 6600 போல ஒரு கார்டைச் செருகிக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம். திட்டம் நல்ல திட்டம். அவன் வயதில் எனக்கு அவ்வளவு முன்யோசனை கிடையாது. பவர் சப்ளையில் தொடங்கிப் பேசினானே, அதற்கே முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

விலைச்சீட்டு வாங்கினோம். அந்த வாரத்து விலையில் பிராசஸர் 2,600 ரேண்ட், மதர்போர்டு 1,500, எஸ்எஸ்டி 900, சப்ளை 900, கேபினெட் 700. இதுவரை சரி. 16 ஜிபி ரேம் 2,500 என்று போட்டிருந்தது. பையன் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்தான். தப்பில்லை. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கு நினைவகச் சில்லுகள் மொத்தமாகப் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசி மாதங்களிலிருந்து உலகம் முழுவதும் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. மொத்தம் 9,100 ரேண்ட். அதில் விண்டோஸ் உரிமம் இல்லை.

இந்த உரிமத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அலுவலகப் பெட்டியில் விண்டோஸ் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது; புதிதாக ஏற்றினாலும் தானே அடையாளம் கண்டுகொள்ளும். ரேமும் உள்ளேயே இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் யோசிக்காமல் புதிதாகக் கட்டச் சொல்லியிருப்பேன். இன்று ரேம் ஏறியிருக்கும் நிலையில், பழைய பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ரேம் குச்சிகளே அதன் விலையில் பெரும்பங்கு பெறுகின்றன.

5600ஜியை மட்டும் வைத்து விளையாடுவது எப்படி இருக்கும்? கவுன்டர் ஸ்ட்ரைக், ஃபோர்ட்நைட் போன்றவை படத் தரத்தைக் குறைத்தால் ஓடும். புதிய கனமான விளையாட்டுகளுக்குத் திரையின் நுணுக்கத்தையே குறைக்க வேண்டியிருக்கும். அந்த உள் கிராஃபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. ஆகவே 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டால் பாதை பாதியாகிவிடும். எட்டும் எட்டுமாக இரண்டு குச்சி போட வேண்டும். ஒரு குச்சி போட்டுவிட்டு 'இந்தப் பிராசஸர் சரியில்லை' என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம் அந்தப் பிராசஸர்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், கார்டோடு சேர்த்துக் கட்டினால் பையனின் கண்ணுக்கு மிக அழகான பெட்டி அதுதான். ஆனால் பத்தாயிரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அக்காவிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சின்னப் பெட்டி, லேப்டாப், விளையாட்டுக் கன்சோல் என்று மற்ற வழிகளும் உண்டு. கையடக்க மினி கம்ப்யூட்டர் குறைந்த மின்சாரம் குடிக்கும், படிப்புக்கு அருமை. கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்க இடமில்லை. கேமிங் லேப்டாப் இந்தப் பணத்துக்கு வராது. வந்தால் அதன் பின்னால் ஒரு கதை இருக்கும். கன்சோல் வாங்கினால் விளையாட்டுத் தேவை தீர்ந்தது, டெல்ஃபி எங்கே எழுதுவது?

மின்சாரம் வரும்போது

முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங்கை மறந்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கும் காலம் வந்துவிட்டதா? 2023இல் நாம் பட்டது நினைவிருக்கும். 2024 மார்ச் இறுதியிலிருந்து பெரும்பாலும் நின்றிருக்கிறது. 2025 முற்பாதியில் சில நாள்கள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஆனால் தெரு கேபிளைத் திருடுவது நிற்கவில்லை, துணைமின்நிலையம் வெடிப்பது நிற்கவில்லை. என் அனுபவத்தில் சாமான்கள் கெடுவது மின்சாரம் போகும்போதைவிட, அது திரும்பி வரும் அந்த ஒரு நொடியில்தான். அலையாக ஏறி வரும். ஆகவே மின்சாரம் போனால் பேட்டரியில் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும் யூபிஎஸ் ஆடம்பரமில்லை; விலைச்சீட்டின் முதல் வரியிலேயே அதை எழுதிவிடுங்கள்.

ஆனால் யூபிஎஸ் வாங்கிவிட்டால் இரண்டு மணி நேரம் விளையாடலாம் என்று நினைக்காதீர்கள். கடையில் கிடைக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் பொதுவாக 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. வேகமாக உறிஞ்சினால் அதில் பாதிதான் கைக்கு வரும். மானிட்டரோடு சேர்த்து 100 வாட் இழுக்கும் பெட்டிக்கு இருபது நிமிடத்தை ஒட்டிக் கிடைக்கும். 250 வாட் இழுக்கும் விளையாட்டுப் பெட்டிக்கு ஏழெட்டு நிமிடம், அதுவும் புது பேட்டரியில். எழுதியதைச் சேமித்து, ஒழுங்காக அணைக்க அது போதும். முழு இரண்டு மணி நேரத்தையும் தாண்ட வேண்டுமென்றால் சக்கரம் வைத்த இன்வெர்ட்டர் வேண்டும். அப்போது பெட்டி இழுக்கும் ஒவ்வொரு பத்து வாட்டும் பேட்டரிக் காசாக மாறும். குறைந்த வாட் பெட்டியின் அருமை அங்கே தெரியும். மின் கட்டணத்தில் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை: யூனிட் 3 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால், 100 வாட் கூடுதலாக இழுக்கும் பெட்டியில் தினமும் மூன்று மணி நேரம் விளையாட மாதம் 27 ரேண்ட்.

இன்னொன்று, தொழில்காரனாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர், மானிட்டர், ரவுட்டர், ஸ்பீக்கர் என்று ஒரு மல்டிபிளக்கில் போட்டு, அதை இன்னொரு மல்டிபிளக்கில் மாட்டி, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். நான் கரிந்து போன சாக்கெட்டுகளைப் பார்த்த வீடுகளில் பாதியில் இந்தக் காட்சிதான்.

வாங்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சட்டம் மட்டும். கடையிலிருந்து வாங்கினால், பழைய சாமானாக இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதப் பொறுப்பு விற்றவருக்கு உண்டு. குறையோடு இருந்தால் பழுது நீக்கவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். எதைக் கேட்பது என்பது வாங்கியவர் விருப்பம். குறிப்பிட்ட குறையை முன்கூட்டியே எழுதிக் காட்டி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் குறைக்கு மட்டும் இது பொருந்தாது. 'மூன்று மாத வாரண்டிதான்' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஆனால் தனி மனிதர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்று 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று வாங்கினால், இருந்தபடியே வாங்கியதாகத்தான் கணக்கு. எவ்வளவு விலை குறைந்தாலும் மாணவனின் பெட்டியை நான் அப்படி வாங்க மாட்டேன்.

கடைசியில் இரண்டு விலைச்சீட்டுகளையும் அக்காவின் சமையலறை மேசையில் விரித்து வைத்தோம். ஒரு பக்கம் ஐ5-8500 டவர், 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 4,800 ரேண்ட், அதோடு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 4,200, யூபிஎஸ் 1,000. சரியாகப் பத்தாயிரம். இன்றே நன்றாக விளையாடலாம், ஆனால் கார்டுக்கு இதற்கு மேல் வளர்ச்சி இல்லை. இன்னும் மூன்று வருடம் கழித்து மொத்தப் பெட்டியும் ஓய்வு கேட்கும். மறுபக்கம் பையனின் ரைசன், 9,100. யூபிஎஸ் சேர்த்தால் 10,100, உரிமம் தனி. இன்று சுமாராக விளையாடலாம், நாளை கார்டு வந்தால் முதல் பெட்டியைத் தாண்டி ஓடும். ஆனால் அந்த நாளைக்கு இன்னொரு நாலாயிரத்தை ஒட்டி வேண்டும், அது எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது.

விடுமுறை வேலை பார்த்து நாலாயிரம் சேர்த்துவிடுவான் என்று உறுதியாகத் தெரிந்த வீட்டில் நான் ரைசனைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டுப் பிள்ளையை எனக்குத் தெரியும். டவரைச் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் தொங்கியது. "மாமா, கார்டு இன்றைக்கே வருமா?" என்றான். வரும் என்றதும் சரியாகிவிட்டான்.

பெட்டி வந்து இரண்டு வாரமாகிறது. மானிட்டரைப் பற்றி நாங்கள் யாருமே கணக்குப் போடவில்லை என்பது கார்டைச் செருகி முடித்த பிறகுதான் உறைத்தது. அலுவலகங்களில் கழித்துவிடும் 24 அங்குல மானிட்டர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை கூடத்து டிவியில் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த டிவியில் இரவு எட்டரை மணிக்கு அக்காவின் சீரியல் முடியும். அதற்குப் பிறகுதான் ஃபோர்ட்நைட். டெல்ஃபிக்கு மட்டும் எந்த நேரமும் அனுமதி உண்டு என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதை அவன் இதுவரை பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.